சொல் இல்லாத அம்பு

"ஆசிரியர் நன்றாகப் பேசுகிறார். மாணவர்கள் பேசுவதில்லை."

நான்கு வருடங்களுக்கு முன்பு என் இயற்பியல் வகுப்பைப் பார்வையிட வந்த அதிகாரி எழுதிவிட்டுப் போன அறிக்கை இவ்வளவுதான். முதல் வாக்கியத்தை அன்று மாலையே மறந்துவிட்டேன். இரண்டாவது வாக்கியம் பல் தேய்க்கும்போதுகூட இன்றைக்கும் ஞாபகத்துக்கு வருகிறது.

எழுதியது முன்பின் தெரியாத அதிகாரியாக இருந்திருந்தால் நாலு நாள் திட்டிவிட்டு ஐந்தாம் நாள் வேலையைப் பார்த்திருப்பேன். எழுதியவள் என் நாத்தனார். அதற்கும் முன்னால், கல்லூரியில் மூன்று வருடம் என் பக்கத்து இருக்கை. ஆய்வகத்தில் ஊசலை நான் ஆட்டிவிடுவேன், அவள் கடிகாரத்தைப் பார்ப்பாள். இருபது ஆட்டம் எண்ண வேண்டும். பதினேழாவது ஆட்டத்தில் எனக்கு ஏதாவது பேசத் தோன்றிவிடும், எண்ணிக்கை போய்விடும், மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்போம். அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. தன் அண்ணனை எனக்கு அறிமுகம் செய்துவைத்தவளும் அவள்தான். அந்த மனுஷி, என் வகுப்பின் கடைசி வரிசையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்துவிட்டு, இரண்டு வரியில் என் பதினெட்டு வருட அனுபவத்தின் மூக்கை உடைத்துவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஒரே குடும்பம் என்பதால் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டி வரும். அப்போது என் வீட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்துகொண்டு தபால் வேலை பார்ப்பார். "உப்பு வேணுமான்னு உங்க தங்கச்சியைக் கேளுங்க" என்பேன். "போதும்னு அண்ணிகிட்ட சொல்லுண்ணா" என்பாள் அவள். மனிதர் இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

கோபம் எதனால் இவ்வளவு நாள் நீடித்தது என்று எனக்குத் தெரியும். அவள் எழுதியது பொய்யாக இருந்திருந்தால் என்றைக்கோ ஆறியிருக்கும். அது உண்மை. என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், இப்போதும் அவனைப் போல ஒருவன் இருக்கிறான், எப்போதும் ஒருவன் இருப்பான். எதைக் கேட்டாலும் "ம்ம்" என்று மட்டும் சொல்வான். நான் கேள்வி கேட்பேன், மூன்று நொடி பொறுப்பேன், நாலாவது நொடி நானே பதிலைச் சொல்லிவிடுவேன். "ம்ம்" என்பான். அடுத்த கேள்விக்குப் போய்விடுவேன்.

கருத்து வரைபடம் எங்கள் பள்ளிக்கு வந்தபோது, எல்லோருக்கும் முன்னால் நான் கையைத் தூக்கியதற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம். வெளியில் "புது முறை, பிள்ளைகளுக்கு நல்லது" என்றெல்லாம் சொன்னேன்.

விஷயம் எளிமையானது. ஸ்மார்ட் போர்டில் வட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு கருத்து: விசை, நிறை, உராய்வு, இயக்கம். ஒரு வட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு அம்பு போட வேண்டும். அம்பின் மேல் ஒன்றிரண்டு சொல்லாவது எழுத வேண்டும். அம்பு போகிற வழியே படித்தால் ஒரு வாக்கியம் வர வேண்டும். 'விசை – மாற்றுவது – வேகம்' என்று வந்தால் சரி. பிள்ளைகள் மூன்று பேருக்கு ஒன்று என்று பன்னிரண்டு டேப், அதாவது விரலால் தொட்டு இயக்கும் கைக்கணினி, கொடுத்திருந்தார்கள். யார் எந்த டேப்பில் அம்பை இழுத்தாலும் போர்டில் உடனே தெரியும். எந்த டேப்பிலிருந்து வந்தது என்று ஓரத்தில் எண்ணும் தெரியும்.

பிள்ளைகள் முதல் வாரத்தில் அம்பு மழை பொழிந்தார்கள். எல்லா வட்டத்துக்கும் எல்லா வட்டத்திலிருந்தும் அம்பு. ஒன்றின் மேலும் சொல் இல்லை. 'விசைக்கும் நிறைக்கும் என்ன உறவு?' என்றால் 'இருக்கு டீச்சர்' என்றார்கள். நான் கறாராக ஒரு சட்டம் போட்டேன்: சொல் இல்லாத அம்புக்கு மதிப்பெண் கிடையாது. உறவு இருக்கிறது என்று கோடு போட்டால் போதாது, என்ன உறவு என்று சொல்லத் தெரிய வேண்டும். கம்ப்யூட்டர் சாரிடம் சொல்லி அதை மென்பொருளிலேயே அமைக்கச் சொன்னேன். திரையில் சொல் இல்லாத அம்பு ஒன்று இருந்தாலும் அது சிவப்பாக மின்னும். அதற்குச் சொல் எழுதும்வரை வரைபடம் அசையாது. சேமிக்காது, மூடாது, அடுத்த பக்கம் போகாது.

"ரொம்பக் கண்டிப்பா இருக்கே டீச்சர், எப்பவாவது உங்களுக்கே மாட்டிக்கப் போகுது" என்றார் கம்ப்யூட்டர் சார்.

"எனக்கு எதுக்கு சார் மாட்டுது? நான் சொல் இல்லாம அம்பு போடுறவளா?" என்றேன்.

போட்டிருந்தேன். அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

இந்த மென்பொருளை எனக்குப் பழக்கிவிட்டபோது கம்ப்யூட்டர் சார், "முதல்ல இயற்பியலைத் தொடாதீங்க டீச்சர், நல்லா தெரிஞ்ச ஒண்ணை வச்சுப் பழகுங்க" என்றிருந்தார். எனக்கு நன்றாகத் தெரிந்தது என் வீடு. ஒரு விடுமுறை மதியம் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு குடும்பத்தையே வரைந்தேன். 'வீட்டுக்காரர் – தேடுவது – மூக்குக் கண்ணாடி.' 'மூக்குக் கண்ணாடி – இருப்பது – வீட்டுக்காரர் தலை.' 'மாமியார் – பார்ப்பது – டிவி.' 'டிவி – தூங்க வைப்பது – மாமியார்.' 'நான் – கத்துவது – மகன்.' 'மகன் – கழற்ற மறுப்பது – ஹெட்போன்.' வேலை சுவாரசியமாகப் போனது. குக்கருக்குக்கூட ஒரு வட்டம் போட்டேன்.

வட்டங்களுக்கு நிறம் கொடுப்பதில்தான் உயிர் போய்விட்டது. இரண்டு நாள் மெனக்கெட்டு இளநீலம், வெளிர் மஞ்சள் என்று எல்லாம் கண்ணுக்குக் குளிர்ச்சியாகக் கொண்டுவந்தேன். வகுப்புக்கான வரைபடத்தை ஆரம்பிக்கும்போது மறுபடி முதலிலிருந்து நிறம் கொடுக்க எனக்குப் பொறுமை இல்லை. குடும்பத்தை அழித்தால் நிறமும் சேர்ந்து அழிந்துவிடுமோ என்ற பயம் வேறு. 'மறை' என்று ஒரு பொத்தான் இருந்தது. குடும்பத்தை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து மறைத்தேன். மாமியார், மகன், குக்கர் எல்லோரும் காணாமல் போனார்கள். அந்தச் சுத்தமான பக்கத்தில் உராய்வு பாடத்தை வரைந்தேன். மறைந்திருப்பதை மென்பொருள் கணக்கில் எடுக்காது. நானும் எடுக்கவில்லை.

குடும்பப் படத்தில் ஒரே ஒரு அம்பு மட்டும் சொல் இல்லாமல் கிடந்தது. 'நான்' என்ற வட்டத்திலிருந்து 'நாத்தனார்' என்ற வட்டத்துக்குப் போன அம்பு. அன்று மதியம் அதற்கு என்னென்னவோ எழுதிப் பார்த்தேன். 'பேசாதது' என்று எழுதி அழித்தேன். 'எரிச்சல்படுவது' என்று எழுதி அழித்தேன். கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாமியார் தண்ணீர் கேட்டார் என்று எழுந்து போய்விட்டேன்.

மாதக் கடைசியில் தலைமையாசிரியை என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"அடுத்த வாரம் உங்க கிளாஸைப் பார்க்க வர்றாங்க. நல்லா இருக்குன்னு எழுதினா எட்டு, ஒன்பது, பத்து மூணு வகுப்புக்கும் இந்த மேப் முறைதான். இல்லைன்னா டேப்பெல்லாம் திருப்பிக் கொடுத்துடணும்."

"யாரு மேடம் வர்றாங்க?"

அவர் பதவியைச் சொன்னார். அறிவியலுக்கு அந்தப் பதவியில் ஒரே ஆள்தான், என் நாத்தனார். "அவங்க எனக்கு உறவு மேடம், வேற ஆளை அனுப்பச் சொல்லலாமா?" என்று கேட்க வாயெடுத்தேன். நாலு வருடமாகப் பேசாதவளை எந்த முகத்தோடு உறவு என்று சொல்வது என்று வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டில் வந்து சொன்னேன். என் வீட்டுக்காரருக்குப் பஸ் கம்பெனியில் கால அட்டவணை போடுகிற வேலை. எந்தச் சிக்கலையும் ஒரு பஸ் ரூட்டாகத்தான் பார்ப்பார்.

"நேரா போயிடு. வளைஞ்சு வளைஞ்சு போகாதே. நாற்பது நிமிஷம்தானே" என்றார்.

"உங்க தங்கச்சி என்ன எழுதுவான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இருக்கிறதை எழுதுவா. அவளுக்கு அது மட்டும்தான் தெரியும்" என்றவர், தலையில் இருந்த கண்ணாடியை மேஜைக்கு அடியில் தேடப் போய்விட்டார்.

என் திட்டம் இதுதான். புத்தகத்தில் 'உராய்வு இயக்கத்தைத் தடுக்கும்' என்று இருக்கிறது. பிள்ளைகளும் அப்படியே எழுதுவார்கள். அப்படியானால் நாம் நடப்பது எப்படி என்று நான் கேட்பேன். உராய்வே இல்லாத தரையில் ஓரடிகூட வைக்க முடியாது. உராய்வு தடுப்பது இயக்கத்தை இல்லை, இரண்டு பரப்புகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குவதை. 'வழுக்கல்' என்ற வட்டத்தை முன்கூட்டியே வரைந்து மறைத்து வைத்திருப்பேன். பிள்ளைகள் திணறிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து அதைத் திறப்பேன். நாத்தனார் அசந்துபோவாள்.

முதல் நாள் மாலை கம்ப்யூட்டர் சாரிடம், "மறைச்சதைத் திறக்கிறது எப்படி சார்?" என்று கேட்டேன்.

"மேல கண்ணு மாதிரி ஒரு பட்டன் இருக்கும் டீச்சர். அதை அழுத்துங்க, எல்லாம் வந்துடும்."

எல்லாம் என்றார். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் நாத்தனார் சரியான நேரத்துக்கு வந்தாள். மற்றவர்கள் முன்னால் நான் "வாங்க மேடம்" என்றேன். "வணக்கம் டீச்சர்" என்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் சார், அவளும் வரைபடத்தைப் பக்கத்தில் பார்க்கட்டும் என்று உதிரியாக இருந்த பதின்மூன்றாவது டேப்பை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

பாடம் ஆரம்பித்தது. எட்டாவது டேப் 'உராய்வு – தடுப்பது – இயக்கம்' என்று அம்பு போட்டது. நான் எதிர்பார்த்தபடியே நடக்கிறது என்று உள்ளுக்குள் குளிர்ந்தேன்.

"அப்படின்னா நாம நடக்கிறது எப்படி?" என்று கேட்டேன்.

மூன்று நொடி. பின் வரிசையில் அவள் பேனாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. நாலாவது நொடி என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"யோசிச்சுப் பாருங்க, கால் தரையைப் பின்னாடி தள்ளுது, தரை நம்மளை முன்னாடி தள்ளுது, இல்லையா?"

"ஆமாம் டீச்சர்" என்றார்கள் முப்பத்தாறு பேரும்.

இரண்டாவது வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். எந்நேரமும் கேட்டுக்கொண்டே இருப்பதால் அவளுக்கு வகுப்பில் கேள்விக்குறி என்றே பேர். "டீச்சர், தரை எப்படித் தள்ளும், அதுக்குத்தான் உயிர் இல்லையே?" என்றாள். அருமையான கேள்வி. வகுப்பையே அதில் ஐந்து நிமிடம் மேயவிட்டிருக்கலாம். நானே பதில் சொன்னேன். அடுத்து அவள் கேட்டதற்கும் நானே சொன்னேன். ஒரு கட்டத்தில் நான்காவது டேப் அம்பை இழுக்கும்போதே அதன் மேல் என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கே கேட்கிறது, நிறுத்த முடியவில்லை. வகுப்பில் கேட்டது என் குரல் மட்டும்தான். பின் வரிசையில் பேனா ஓடிக்கொண்டிருந்தது. என்ன எழுதுகிறாள் என்று எனக்குப் பார்க்காமலே தெரிந்தது. இரண்டாவது வாக்கியம் மறுபடியும் வருகிறது.

இருபது நிமிடம் போய்விட்டது. இனி என்னைக் காப்பாற்ற 'வழுக்கல்' வட்டம் ஒன்றுதான் மிச்சம்.

"இப்ப ஒண்ணு காட்டப் போறேன். நீங்க இதுவரைக்கும் பார்க்காத ஒண்ணு" என்று சொல்லி, கண் பொத்தானை அழுத்தினேன்.

பார்க்காத ஒன்றுதான். போர்டு முழுக்க இளநீலமும் வெளிர் மஞ்சளுமாக என் குடும்பம் வந்து இறங்கியது.

ஒன்றாவது டேப்காரர்கள் மெதுவாக, அம்பு வழியே, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே படித்தார்கள். "மூக்குக் கண்ணாடி, இருப்பது, வீட்டுக்காரர் தலை."

சிரிப்பு கூரையைத் தொட்டது. தலைமையாசிரியை வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கண் பொத்தானை மறுபடி அழுத்தினேன். மூடவில்லை. வெளியேறப் பார்த்தேன். விடவில்லை. போர்டின் நடுவில் ஓர் அம்பு சிவப்பாக மின்னிக்கொண்டிருந்தது. போர்டின் பிளக்கைப் பிடுங்கலாம். பன்னிரண்டு டேப்பிலும் அதே படம் மின்னிக்கொண்டிருக்கையில் ஒரு பிளக்கைப் பிடுங்கி என்ன பயன்?

இல்லை, பதின்மூன்று டேப்பில்.

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறை.

"டீச்சர், நீங்க கத்துறது உங்க பையனுக்குக் கேக்காது, அவன் ஹெட்போன் போட்டிருக்கான். அந்த அம்பு வேஸ்ட்" என்றான் ஒருவன்.

"குக்கருக்கு அம்பே வரலை, தனியா நிக்குது" என்றாள் இன்னொருத்தி.

கேள்விக்குறி எழுந்து போர்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். "வழுக்கல்னு ஒரு வட்டம் இருக்கு டீச்சர். அவங்க உங்க வீட்டுல யாரு?"

அவள் உண்மையாகவே கேட்டாள். குக்கருக்கும் மகனுக்கும் நடுவில் கிடந்த 'வழுக்கல்' யாரோ சித்தப்பாவின் பட்டப்பெயர் போலத்தான் இருந்தது. நான் பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. மூன்று நொடி போனது. நான்கு, ஐந்து, பத்து நொடி போனது.

"ம்ம்" என்று ஒரு குரல் கேட்டது. இந்த வருடத்து 'ம்ம்' பையன்தான். ஆனால் இந்த முறை அதோடு நிற்கவில்லை.

"அது வீட்டு ஆளு இல்ல. நம்ம பாடத்தோடது. உராய்வுக்குப் பக்கத்துல போகணும்" என்றான். தன் டேப்பில் அந்த வட்டத்தை விரலால் இழுத்துப் பார்த்தான். அது நகரவில்லை. "அசைய மாட்டேங்குது. சொல் இல்லாத அம்பு ஒண்ணு இருக்கு. அதான் எல்லாம் நிக்குது."

முப்பத்தாறு பேரும் சிவப்பு அம்பைப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை.

"நான்ல இருந்து நாத்தனாருக்குப் போகுது" என்றாள் கேள்விக்குறி. "டீச்சர், உங்க சட்டம்தானே. சொல் இல்லைன்னா மதிப்பெண் இல்லை. என்ன உறவுன்னு சொல்லத் தெரியணும்."

"சண்டை போடுவாங்களோ என்னவோ" என்று ஒருவன் முணுமுணுத்தான்.

"சண்டைன்னா சண்டைன்னு எழுதியிருப்பாங்க. இவங்க வீட்டுல குக்கரைக்கூட விடலை, இதை மட்டும் ஏன் விட்டாங்க?" என்றான் ம்ம்.

வருடம் முழுக்க வாய் திறக்காதவன் திறந்தால் இப்படித்தான் திறப்பான் போலிருக்கிறது. வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த அம்பு ஏன் காலியாகக் கிடந்தது என்று அந்த நிமிடம் எனக்கே பட்டவர்த்தனமாகத் தெரிந்துவிட்டது. அவள் இல்லாத நாலு வருடம் எனக்கு நன்றாக இல்லை. ஏதாவது நடந்தால் முதலில் அவளிடம் சொல்லத் தோன்றும், பிறகுதான் கோபம் ஞாபகம் வரும். அதை எந்தச் சொல்லில் எழுதுவது? சுட்டெலியைக் கையில் பிடித்துக்கொண்டு மரமாக நின்றேன்.

அப்போது அம்பின் மேல் எழுத்துகள் வர ஆரம்பித்தன. நான் எதையும் தொடவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக வந்தது. ஒரு எழுத்து தப்பாக வந்து, அழிந்து, திரும்பச் சரியாக வந்தது. முடிந்ததும் சிவப்பு அணைந்து அம்பு கறுப்பானது. கேள்விக்குறி அம்பு வழியே சத்தமாகப் படித்தாள்.

"நான் – முதலில் தோழி, பிறகுதான் – நாத்தனார்."

முழு வாக்கியம். இலக்கணம் சுத்தம். என் சட்டப்படி முழு மதிப்பெண்.

"இது யாரு போட்டது?" என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ம்ம் போர்டின் ஓரத்தில் இருந்த எண்ணைக் காட்டினான். "பதிமூணு. நம்மகிட்ட பன்னிரண்டுதானே இருக்கு?"

எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் பின்னால் திரும்பியது. என் நாத்தனார் தலை நிமிரவில்லை. குறிப்பேட்டில் எதையோ ரொம்ப அக்கறையாக எழுதிக்கொண்டிருந்தாள். அவள் காது மடல் மட்டும் சிவந்திருந்தது. கல்லூரியில் விடைத்தாளைக் காட்டி மாட்டிக்கொண்ட அன்றைக்கும் அப்படித்தான் சிவந்தது.

"இப்ப நகருது" என்றான் ம்ம்.

அவன் 'வழுக்கல்' வட்டத்தை இழுத்துக்கொண்டுவந்து உராய்வுக்குப் பக்கத்தில் வைத்தான். எட்டாவது டேப்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இயக்கத்தைத் தடுப்பதுதான் உராய்வு, புத்தகத்திலேயே இருக்கிறது என்றார்கள். ஒருத்தி அழிப்பானை மேஜையில் தள்ளிவிட்டாள். அது கொஞ்ச தூரம் போய் நின்றது. "பார், நின்னுடுச்சு." கேள்விக்குறி ஷூவைக் கழற்றிவிட்டு, மெழுகித் துடைத்த தரையில் காலுறையோடு ஓடப் பார்த்தாள். கால் பின்னால் போனது, ஆள் அங்கேயே இருந்தாள். அடுத்து ஷூ போட்டு ஓடினாள். சுவர்வரை போய் இடித்துக்கொண்டு திரும்பினாள்.

"ஷூ போட்டா உராய்வு ஜாஸ்தி. ஆனா ஓட முடிஞ்சுது. தடுக்குதுன்னா எப்படி ஓடினேன்?"

"அப்போ அழிப்பான் ஏன் நின்னுச்சு?"

"அழிப்பான் மேஜை மேல வழுக்கிட்டுப் போச்சு. உராய்வு அந்த வழுக்கலை நிறுத்துச்சு" என்றான் ம்ம். "உன் கால் பின்னாடி வழுக்கப் பார்த்துச்சு. அதையும் உராய்வு விடலை. அதனால நீ முன்னாடி போனே. ரெண்டும் ஒரே வேலைதான்."

எட்டாவது டேப் தன் பழைய அம்பைத் தானே அழித்துவிட்டு, 'உராய்வு – தடுப்பது – வழுக்கல்' என்று புதிதாகப் போட்டது. அதற்குக் கீழே ஐந்தாவது டேப், 'உராய்வு – முன்னால் தள்ளுவது – நடப்பவர்' என்று சேர்த்தது. பஸ் சக்கரத்துக்கு ஒரு வட்டம் வந்தது. ஈரத் தரைக்கு ஒரு வட்டம் வந்தது. கத்தினார்கள், குறுக்கே பேசினார்கள், ஒருவர் அம்பை ஒருவர் அழித்தார்கள். நான் போர்டுக்குப் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று இருந்ததால் மணி அடிக்கும்வரை திறக்கவில்லை.

அவள் போகும்போது டேப்பை என் மேஜையில் வைத்தாள். "நன்றி டீச்சர்" என்றாள். "ம்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

மூன்று நாள் கழித்து அறிக்கை வந்தது. தலைமையாசிரியை மேஜை மேல் வைத்துவிட்டு, "நீங்களே படிங்க, எனக்கு இது பாராட்டா திட்டான்னு தெரியலை" என்றார்.

படித்தேன்.

"முதல் இருபது நிமிடம் ஆசிரியர் பேசினார், மாணவர்கள் பேசவில்லை. அடுத்த இருபது நிமிடம் மாணவர்கள் பேசினார்கள், ஆசிரியர் வாயே திறக்கவில்லை. பாடம் நடந்தது இரண்டாவது இருபது நிமிடத்தில். இந்த முறையை மூன்று வகுப்புகளுக்கும் தொடரலாம். குக்கருக்கும் ஓர் அம்பு கொடுக்கவும்."

சுருக்கென்று இருந்தது. சிரிப்பும் வந்தது. மதிய இடைவேளையில் ஆய்வகத்தின் கதவைச் சாத்திக்கொண்டு, நாலு வருடமாகத் தொடாத எண்ணை அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லுங்க அண்ணி."

"அண்ணியாம் அண்ணி. என்னடி எழுதி வச்சிருக்கே?"

"இருக்கிறதைத்தான்டி எழுதினேன்."

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. எனக்குச் சொல்ல நாலு வருடத்துக் கதை இருந்தது. நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஆய்வகத்து ஊசல் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை லேசாக ஆட்டிவிட்டு எண்ண ஆரம்பித்தேன். பதினேழு வந்தது. வாயை மூடிக்கொண்டேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

"நாலு வருஷம் முன்னாடி அந்த ரிப்போர்ட்டை எழுதிட்டு வீட்டுக்குப் போனதும் என்ன ஆச்சு தெரியுமா உனக்கு?" என்று அவள் ஆரம்பித்தாள்.

"ம்ம்" என்றேன்.

அவள் சொல்லிக்கொண்டே போனாள்.